ஆபீசரம்மாவுக்கு மறுபரீட்சை

“அரசாங்கத்தையே ஃபெயிலாக்கிட்டான்யா என் தம்பி!”

முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக் கதவு பாதிதான் திறந்திருந்தது. அதற்குள் ஹாரன் இதைச் சொல்லிவிட்டார். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் துள்ளிய துள்ளலில் கன்னத்து நுரை மூக்குக்கு இடம் மாறியது. நல்லவேளை, கடைக்காரர் அப்போதுதான் கத்தியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹாரன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர் ஓய்வு பெறும்வரை தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். ஒருமுறை மலைப்பாதையில் வண்டியின் ஹாரன் பழுதாகிவிட, ஜன்னல் வழியே தலையை நீட்டிக் குரல் கொடுத்தபடியே அடிவாரம்வரை இறக்கினாராம். எதிரே வந்த லாரிகள் ஒதுங்கினவாம். அதோடு விட்டாரா? ஒரு சின்னக் குன்றும் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டதாம். குன்று விஷயத்தில் அந்தத் தெருவில் கருத்து வேறுபாடு உண்டு. குரல் விஷயத்தில் கிடையாது.

நுரையோடு உட்கார்ந்திருந்தவர் ஹாரனின் மனைவிக்கு அண்ணன். நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்வதைச் சொன்னபடியே தட்டச்சு செய்து கொடுத்து, நரைத்து, ஓய்வு பெற்றவர். வெளியே மழை என்று யாராவது சொன்னால் ஜன்னல் வழியே கையை நீட்டி, நனைந்த கையைத் தடவிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வார். எதற்கெடுத்தாலும் “சாட்சி இருக்கா?” என்று கேட்பதால் அவருக்குச் சாட்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“மாப்ள, காலங்காத்தால யார் காதுல பூ சுத்தலாம்னு கிளம்பிட்டீங்களா?”

“பூவும் இல்ல, நாரும் இல்ல மச்சான். நேத்து நடந்தது. தம்பி இருக்கற வீட்டை மதிப்பீடு பண்ண ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. வந்தவங்களை இவன் வாசல்லயே நிக்க வெச்சு, கேள்வி மேல கேள்வியாக் கேட்டு, எல்லாத்துலயும் ஃபெயில்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டான். வெள்ளிக்கிழமை மறுபரீட்சைக்கு வர்றேன்னு கெஞ்சிட்டுப் போயிருக்காங்க!”

“பரீட்சை வைக்க வந்தவங்களுக்கே பரீட்சை.”

“ஆமா.”

“அதுல அவங்க ஃபெயில்.”

“அப்பட்டமா!”

சாட்சி கடைக்காரர் பக்கம் திரும்பினார். “தம்பி, இவர் உக்காந்ததும் முடியில கை வைக்காத. முதல்ல நாக்குல கொஞ்சம் கத்தரி போடு.”

“சார், அண்ணன் வந்தாத்தான் என் கடையில ரேடியோ மிச்சம்” என்றார் கடைக்காரர். “சொல்லட்டும் விடுங்க.”

ஹாரன் சொன்னார். அவர் சொன்னபடி எழுதினால் அந்த அதிகாரியின் கண்ணீரில் தெருவே மூழ்கியிருக்க வேண்டும். ஆகவே, நடந்தது நடந்தபடி இங்கே.

பேருந்துப் பணிமனைக்குப் பின்பக்கத் தெருவின் கடைசியில் அந்த வீடு இருக்கிறது. வாசலில் படிக்குப் பதில் சாய்தளம். அதில் மழைக்காலத்தில் வழுக்காமலிருக்க சொரசொரப்பாகக் கீறிவிட்ட சிமெண்டு. உள்ளே மூன்று அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அங்கே மூன்று பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு முடியாத வேலைக்கு மட்டும் கை கொடுக்க ஒரு உதவியாளர் பெண் பகலிலும், இன்னொருவர் இரவிலும் வந்து போகிறார்கள். முடிந்த வேலையில் கை வைத்தால் திட்டு விழும்.

ஹாரனின் தம்பிக்கு அந்த வீட்டில் மானேஜர் என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்தே எழுத்தும் கணக்கும் ஏறவில்லை. எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமெடுக்கும். ஆனால் புரிந்துகொண்டதை உலகமே தலைகீழாக நின்றாலும் விடமாட்டார். காலையில் சலவைக்கடைக்குப் போய்த் துண்டு மடிப்பது அவர் தொழில். அவர் மடித்து அடுக்கிய துண்டுகளின் ஓரத்தில் கை வைத்தால் வெட்டிவிடும் என்று ஹாரன் சொல்வார். வீட்டின் வாசல் சாவி அவர் கழுத்தில் தொங்கும்.

இரண்டாவது ஆள் ஆபரேட்டரம்மா. பிறவியிலேயே கண் தெரியாது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு முறை கேட்ட குரலை மறக்கமாட்டார். நடையை வைத்தே வருகிற ஆளின் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சமையலறை அவர் ராஜ்யம். மூன்றாவது ஆள் ராக்கெட். வயதில் சின்னவர். கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. மின்சாரச் சக்கர நாற்காலியில் கூடத்தைச் சுற்றும் வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். பேச்சு மட்டும் அதற்கு நேர் எதிர். ஒரு சொல்லை வாய்க்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனால் வரும் சொல் முத்துப்போல வரும். அதனால் அவர் ஆரம்பித்ததை வேறு யாரும் முடித்துவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழும் இந்த மாதிரி வீடுகளை எல்லாம் அரசாங்கத்திலிருந்து வந்து பார்த்து, சரியாக நடக்காதவற்றை மூடிவிடப் போகிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. மூடினால் அங்கே இருப்பவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய விடுதிக்குப் போக வேண்டும்.

ஹாரனுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா போன பிறகு தம்பி அந்த விடுதியில்தான் வெகுகாலம் இருந்தார். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் குளியல், மணி அடித்தால் தூக்கம். ராக்கெட்டும் அங்கிருந்துதான் வந்தார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மானேஜர் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “தண்ணி குடிக்கலாமா?” என்று யாராவது தலையாட்டும்வரை காத்திருப்பார். “உன் வீடுடா இது, குடி!” என்று ஹாரன் கத்தினால் இன்னும் பயந்துபோவார். கேட்காமல் தண்ணீர் குடிக்கவே அவருக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயின. அப்படிப்பட்டவர் இன்று கழுத்தில் சாவியோடு திரிகிறார். அந்தச் சாவி போய்விடக் கூடாது. ஹாரனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காக அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மதிப்பீட்டு நாளன்று ஹாரன் காலையிலேயே அங்கே போய்விட்டார். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஆபரேட்டரம்மா குளியலறையில். உதவியாளர் பெண் ராக்கெட்டுக்குச் சட்டை மாட்ட உதவிக்கொண்டிருந்தாள். மானேஜர் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஷூ போட்டு முடிப்பதற்குள் ஹாரன் பக்கத்து ஊருக்கு ஒரு நடை அடித்துவிட்டு வரலாம்.

சமையலறை அலமாரியைப் பார்த்ததும் ஹாரனுக்குப் பகீரென்றது. சர்க்கரை ஒரு நசுங்கிய பிஸ்கட் டப்பாவில். உப்பு, கழுத்தில் கந்தல் துணி கட்டிய பாட்டிலில். டீத்தூள், மூடியில் ரப்பர் வளையம் மாட்டிய ஜாடியில். ‘ஆபீசர் பார்த்தா மானம் போயிடும்’ என்று நினைத்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று, ஒரே அளவில், ஒரே வடிவத்தில், புத்தம்புது டப்பாக்கள். எல்லாச் சாமானையும் அவற்றில் கொட்டி, பணிமனையில் பேருந்துகளை நிறுத்துவது மாதிரி கோடு போட்டு வரிசையாக நிறுத்தினார். பழசையெல்லாம் பெட்டியில் போட்டுப் பின்கட்டில் வைத்துவிட்டார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பளபளப்பில் தன் முகம் அத்தனை டப்பாவிலும் தெரிந்தது அவருக்கு நிறைவாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

மானேஜருக்கு இன்னும் ஒரு ஷூ பாக்கி. “வர்றேன்” என்று உள்ளிருந்தே சொன்னார். அதற்குள் ஹாரன் பாய்ந்து போய்க் கதவைத் திறந்து, “வாங்கம்மா, வாங்க, வாங்க!” என்றார். வாசலில் நின்றிருந்த அதிகாரி, கையில் ஒரு டேப் கணினி வைத்திருந்த நடுத்தர வயதுப் பெண், அந்தக் குரல் வீச்சுக்கு ஓரடி பின்வாங்கி, அப்புறம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

ஷூ மாட்டி முடித்து மானேஜர் வந்து நின்றார். அதிகாரியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“நான் திறக்கல.”

“நான் திறந்துட்டேன்டா, பரவாயில்ல.”

“நான் திறக்கல” என்றார் மானேஜர் மறுபடியும். அதிகாரியிடம் திரும்பினார். “வெளிய போங்க. மணி அடிங்க.”

ஹாரன் இருவருக்கும் நடுவே பாய்ந்தார். “டேய்! அம்மா யாரு தெரியுமா?”

“அதான். தெரியல. யாருன்னு நான் கேக்கணும்.”

அதிகாரி வெளியே போனார். மானேஜர் கதவைச் சாத்தினார். மணி அடித்தது. மானேஜர் அவசரப்படவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தார். சாவியைத் துடைத்தார்.

“யாரு?”

“நான் மதிப்பீடு பண்ண வந்திருக்கேன்.”

“என்ன வேணும்?”

“உங்க வீட்டைப் பாக்கணும். பாக்கலாமா?”

மானேஜர் யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரத்தில் ஹாரனுக்கு மிச்சமிருந்த கறுப்பு முடியும் நரைத்தது. ஆனால் அதே நேரத்தில், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பாம் பாம் என்று அடித்துக்கொண்டு வளைவு திரும்பியதும் உண்மை. தண்ணீர் குடிக்கக் கேட்டு நின்றவனா இவன்?

“பாக்கலாம்” என்று கதவைத் திறந்தார் மானேஜர்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று சரிந்தது. கூடத்தில் உட்கார்ந்ததும் அதிகாரி ராக்கெட்டைப் பார்த்து, “இந்த வீட்டுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?” என்று கேட்டார்.

ராக்கெட் ஆரம்பித்தார். “இந்த... வீட்டுல... நாங்க... தினமும்...”

நின்றது. அடுத்த சொல்லுக்கு அவர் தாடை உழைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி பொறுத்துப் பார்த்தார். பிறகு மனசு இளகி, “சந்தோஷமா இருக்கீங்க! அதானே? ரொம்ப நல்லது” என்று டேப்பில் தட்டிக்கொண்டார். ராக்கெட் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஆபரேட்டரம்மா டீ போட எழுந்து போனார். அலமாரியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். மறுபடியும் தடவினார். நசுங்கலும் இல்லை, கந்தலும் இல்லை, எல்லாம் ஒரே வழவழப்பு. “யாரு இங்க கை வெச்சது?” என்று முணுமுணுத்தார். வந்தவர் முன்னால் சண்டை வேண்டாம் என்று, வழக்கமாகச் சர்க்கரை இருக்கும் இடத்திலிருந்த டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளிப் போட்டார். வருடக்கணக்கில் ஒரு கரண்டி தப்பாத கை அது.

இதற்கிடையில் அதிகாரி மானேஜரைக் காட்டி உதவியாளர் பெண்ணிடம், “இவர் டீக்குச் சர்க்கரை போட்டுக்குவாரா?” என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் மானேஜர் சொன்னார்:

“நான் இங்கதான் இருக்கேன்.”

டீ வந்தது. அதிகாரி ஒரு வாய் குடித்தார். அவர் கண்கள் ஒரு கணம் மேலே போய் இறங்கின. பிறகு இன்னொரு வாய். “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார் ஆபரேட்டரம்மாவிடம். கடைசிச் சொட்டுவரை குடித்தும் முடித்தார்.

மானேஜர் தன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினார். அதிகாரியை வெகுநேரம் பார்த்தார்.

“உப்பு.”

டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்லா இருக்குன்னு சொன்னீங்க. பொய். நான் திறக்காம உள்ள வந்தீங்க. அவன் பேசறப்ப நீங்க பேசினீங்க. என்னை இவகிட்ட கேட்டீங்க.” எழுந்து நின்றார். “ஃபெயில்.”

உதவியாளர் பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஹாரன், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, பேச்சின்றி நின்றார். அந்த அமைதியில் பணிமனையில் யாரோ பேருந்தைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்டது.

அதிகாரி டேப்பை மூடினார். “பாஸானா என்ன கிடைக்கும்?” என்று கேட்டார்.

மானேஜர் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தொட்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை. நீலம் ராக்கெட்டுடையது. விளிம்பில் வரிவரியாகத் தட்டுப்படுவது ஆபரேட்டரம்மாவுடையது. உதவியாளர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று. துண்டு மடிக்கும் கடையின் முதலாளிக்கு ஒன்று. “இது எங்க வீட்டு ஆளுங்க” என்றார் மானேஜர். “மத்தவங்களுக்குக் கண்ணாடி டம்ளர்.”

அதிகாரி தன் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தார். “இன்னிக்கு நான் எதையும் முடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை திரும்ப வரலாமா?”

“மணி அடிச்சிட்டு வாங்க” என்றார் மானேஜர்.

கதை முடிந்தது. கடைக்காரர் கையில் கத்தி அப்படியே நின்றிருந்தது. சாட்சியின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டது.

“எல்லாம் சரி” என்றார் சாட்சி. “அந்தக் கொக்கியில உங்க கோப்பை என்ன நிறம் மாப்ள?”

ஹாரன் கண்ணாடியில் தன் மீசையைச் சரிபார்த்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கு மச்சான்?”

“இல்ல, வாரா வாரம் போறீங்களே.”

“...கண்ணாடி டம்ளர்லதான் டீ ஆறாம இருக்கும்.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கத் தும்முவது போல் நடித்தார். சாட்சி துணியை உதறிக்கொண்டு எழுந்தார். “அப்பட்டமான கரடி. ஒரு அதிகாரி, ஃபெயில்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டு, திரும்ப வர்றாங்களாம். வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். யாரும் வரலைன்னா, அடுத்த வருஷம்வரைக்கும் இந்தக் கடையில நீங்க வாயே திறக்கக் கூடாது.”

“வந்தா?”

“வந்தா, இதே நாற்காலியில உக்காந்து நான் ஒத்துக்கறேன்.”

வெள்ளிக்கிழமை தூறல். ஹாரன் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அந்த வாரம் முழுக்க ராத்திரி தூங்காமல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்ப வருகிறேன் என்றவர் நிஜமாகவே பரீட்சை எழுதவா வருவார்? பூட்டும் சீலும் கொண்டு வந்தால்? அந்த வீட்டுக்கு நடக்கும்போது சாட்சியிடம், “மச்சான், மூடிட்டாங்கன்னா என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருப்பதே சாட்சிக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் குடையை மாப்பிள்ளை பக்கம் நகர்த்திப் பிடித்தார்.

சாய்தளத்தில் அதிகாரி குடையோடு நின்றுகொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது.

“மணி அடிச்சாச்சா?” என்றார் ஹாரன்.

“அடிச்சிட்டேன் சார். ‘வர்றேன்’னு சத்தம் வந்துச்சு. ஷூ போடறார்னு நினைக்கிறேன்.”

ஹாரன் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். சாட்சி அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். “கூப்பிடுற வரைக்கும் வாசல்ல நிக்கணும். இது தெரியாதா?” அவர் வாழ்நாளில் பாதியை நீதிமன்ற வராந்தாவில் கழித்தவர். காத்திருப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

கதவு திறந்தது. “யாரு?” மூவரும் தாங்கள் யாரென்று சொன்னார்கள். ஹாரனும் சொல்ல வேண்டியிருந்தது. “உன் அண்ணன்டா!” “சரி. வாங்க.”

சமையலறையில் பழைய பிஸ்கட் டப்பாவும், கந்தல் கட்டிய பாட்டிலும், ரப்பர் வளைய ஜாடியும் அதனதன் இடத்துக்குத் திரும்பியிருந்தன. ஹாரனின் புது டப்பாக்களில் துணி மாட்டும் கவ்விகளும் திருகாணிகளும் இருந்தன. ஆபரேட்டரம்மா டீ கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சின்னக் குறும்பு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாட்சி ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுல உப்பு இருக்கு.”

அதிகாரியும் டம்ளரை வைத்துவிட்டார். “உப்புதான். நல்லாவே இல்லம்மா.”

எல்லோரும் ஹாரனைப் பார்த்தார்கள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தேன் மாதிரி இருக்கு! இப்படி ஒரு டீய நான் எந்த ஊர்லயும்...”

“ஃபெயில்” என்றார் மானேஜர்.

ஆபரேட்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “வேணும்னேதான் போட்டேன். கேள்வித்தாளை மாத்தக் கூடாதில்ல? எங்க அலமாரியக் கலைச்சவருக்கு இன்னொரு கரண்டி கூடவே போட்டேன்.” உள்ளே போய்ச் சர்க்கரை போட்ட டீயைக் கொண்டுவந்தார்.

அதிகாரி தன் நாற்காலியை ராக்கெட்டுக்கு நேரே இழுத்துப்போட்டுக்கொண்டார். டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார். “போன தடவை நீங்க பேசறப்ப நடுவுல நான் பேசிட்டேன். இந்த வீட்டுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்குன்னு கேட்டிருந்தேன். இப்ப சொல்றீங்களா?”

ராக்கெட் அவரைப் பார்த்தார். சரி, பார்ப்போம் என்பது மாதிரி ஒரு பார்வை.

“இந்த... வீட்டுல...”

கூரைத் தகட்டில் தூறல் தட்டியது.

“நாங்க... தினமும்...”

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சியின் விரல்கள் மட்டும் தொடைமேல், இல்லாத தட்டச்சுப்பொறியின் மேல், அடுத்த எழுத்துக்காக நின்றன. ஹாரனுக்கு நாக்கு நுனி அரித்தது. நல்ல சொற்கள் எத்தனையோ அங்கே வந்து முட்டி மோதின. துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்.

“...சண்டை... போடுவோம்.”

போச்சு! ஹாரனுக்குக் காது அடைத்தது. அதிகாரி முன்னால் சண்டையா? தினமுமா? ஒரு சொல் போதும், “சும்மா விளையாட்டுக்குச் சொல்றான்மா” என்று ஒரே ஒரு சொல், வீட்டைக் காப்பாற்றிவிடலாம். துண்டை எடுத்தார். வாயைத் திறந்தார்.

எதிரே மானேஜர் ஒரு விரலை உயர்த்தினார். கழுத்துச் சாவிக்கு நேரே, அசையாமல் நின்றது அந்த விரல்.

ஹாரன் தம்பியைப் பார்த்தார். மலைப்பாதையில் குன்றையே நகர்த்திய குரல் தொண்டைக்குள் கொதித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துண்டை மறுபடியும் வாயில் திணித்துக்கொண்டார்.

“அங்க... விடுதியில...” ராக்கெட் தொடர்ந்தார். “சண்டை... போட்டா... மணி... அடிப்பாங்க. எல்லாரும்... படுக்கணும்.”

மூச்சு வாங்கினார். யாரும் அவசரப்படவில்லை.

“இங்க... சண்டை போட்டு... முடிச்சதும்... டீ... போடுவோம்.”

அவ்வளவுதான் என்பதற்கு அடையாளமாக நாற்காலியை லேசாகப் பின்னால் நகர்த்தினார். அதற்குப் பிறகும் அதிகாரி சற்றுப் பொறுத்தார். இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. அப்புறம்தான் டேப்பைத் திருப்பி எழுதினார். “நீங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டட்டுமா?” என்று கேட்டுப் படித்தும் காட்டினார். சாட்சி தன்னை மறந்து தலையாட்டினார். நீதிமன்றத்திலும் அப்படித்தான் செய்வார்கள்.

“எதுக்குச் சண்டை வரும்?” என்று அதிகாரி மானேஜரிடமே கேட்டார்.

“இவன் ராத்திரி பாட்டு சத்தமா வெப்பான். அந்தம்மா வெங்காயம் என்னைய உரிக்கச் சொல்லும். நான் உரிக்க மாட்டேன்.”

“உரிக்க மாட்டானாம்!” என்றார் ஆபரேட்டரம்மா. “துண்டு மடிக்கிற கைக்கு வெங்காயம் ஆகாதாம். பெரிய மகாராஜா.”

“நேத்து நான்தான் உரிச்சேன்.”

“நேத்து உரிச்சது நான். நீ தோலைப் பொறுக்கினே.”

“ரெண்டு பேரும்... பொய்” என்றார் ராக்கெட்.

அதிகாரி இடையில் புகாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அந்தச் சண்டை முடியும்வரை காத்திருந்தார். பிறகு அறை அறையாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். உதவியாளர் பெண்ணிடம் பேச வேண்டியதை அவளிடமும், மற்றவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடமும் கேட்டார். குளியலறைக் கைப்பிடி ஒன்று ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டார். கிளம்பும்போது மானேஜர் முன்னால் வந்து நின்றார்.

“இதை என் மேலதிகாரிங்களும் பாக்கணும். ஆனா நான் எழுதப்போறது இந்த வீடு இப்படியே நடக்கணும்னுதான். உங்க சாவி உங்ககிட்டயே இருக்கும்.”

மானேஜர் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். யோசித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

“பாஸ்.”

சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பைகளோடு வந்தார். ஒரு மஞ்சள் கோப்பையை அதிகாரியிடம் காட்டி, “இது உங்களுக்கு. எடுத்துட்டுப் போகக் கூடாது. இங்க தொங்கும்” என்றார். ஒரு பச்சைக் கோப்பையைச் சாட்சியிடம் காட்டினார். “இது உங்களுக்கு.”

“எனக்கா? நான் இன்னிக்குத்தானே வந்தேன்?”

“வெளிய நின்னீங்க. உப்பைச் சொன்னீங்க. நடுவுல பேசல.”

ஹாரன் துண்டால் மூக்கைத் துடைப்பது போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வீடு தங்கிவிட்டது. அது போதும். கண்ணாடி டம்ளரில் டீ ஆறாமல்தான் இருக்கும். செருப்பைத் தேடி வாசலுக்குப் போனவரின் தோளை மானேஜர் தொட்டார். கையில் ஒரு பழைய வெள்ளைக் கோப்பை. அதற்குப் பிடி இல்லை.

“அண்ணா. நீ நடுவுல பேசல.”

“இதுக்குப் பிடி எங்கடா?”

“டீ தேன்னு சொன்னே. பிடி அப்புறம்.”

அந்தக் கோப்பையைக் கொக்கியில் மாட்ட முடியாது. அதனால் பலகையின் மேலே, எல்லாக் கோப்பைக்கும் உச்சியில், மானேஜர் அதை வைத்தார். எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான் பார் என்று ஹாரன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை முடிதிருத்தும் கடையில் கூட்டம். ஹாரன் முந்திக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி ஊர்வலமாக வந்தார், வாசலில் நனைந்து தொப்பலாக நின்றார், கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கியது, பாஸ் என்றதும் மானேஜரின் கையைப் பிடித்துக் கதறினார், அந்த நேரம் பார்த்து வானவில் ஒன்றல்ல, இரண்டு தோன்றின. கடைக்காரர் சீப்பால் அவரை நிறுத்தினார். நாற்காலியில் இருந்த சாட்சியின் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க கூடப் போனீங்கல்ல? சொல்லுங்க.”

சாட்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“ஊர்வலம் இல்ல. தனியா, பஸ்ல வந்தாங்க. கை நடுங்கல. கதறல. வானவில் ஒண்ணுகூட இல்ல, வெறும் தூறல். இவர் உப்பு டீயக் குடிச்சிட்டுத் தேன்னு சொன்னார். இவர் கோப்பைக்குப் பிடி கிடையாது.”

ஹாரனின் தோள்கள் காற்றுப்போன டயர் போல இறங்கின.

“அப்ப அந்த ஆபீசரம்மா ஃபெயிலானது?” என்றார் கடைக்காரர். “அதுவும் கரடிதானா?”

சாட்சி மாப்பிள்ளையைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பஸ் ஸ்டாப்புல அவங்ககிட்டயே கேட்டேன். ‘ஆமா சார், மொத தடவை சுத்தமா ஃபெயில்’னு சிரிச்சாங்க” என்றார். “நடந்துச்சுப்பா. நான் சாட்சி.”